யானைக்கு நட்ட கல்

குருந்தையா மடத்தில் கேள்வி கேட்பது சுலபம். பதில் வாங்குவதுதான் பெரும்பாடு. அவர் பாட்டுக்குப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார், கேட்டது காதில் விழுந்ததா என்றே தெரியாது. சில கேள்விகளுக்கு மறுநாள் பதில் வரும். சிலவற்றுக்கு அடுத்த மழைக்கு வரும். வராமலே போனவையும் உண்டு. கேட்டவர்களும் அதற்குள் மறந்திருப்பார்கள்.

அந்த மடத்துக்கு மாடக்கண்ணு வந்து சேர்ந்தபோது அவனுக்கு நாற்பது தாண்டியிருந்தது. அதுவரை கோட்டையில் ஓலை எழுதிக்கொண்டிருந்தான். எழுத்து அச்சுக் குத்தினாற்போல இருக்கும். குளம் உடைந்த பிறகு அந்த இடத்தில் உட்கார்ந்து எழுத அவனுக்குக் கை வரவில்லை.

குளம் உடைந்ததை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம் ஐப்பசியில் ஏழுமடைக் குளம் நிறைந்து தளும்பியது. கரை கசிகிறது, கலுங்கைத் திறந்து தண்ணீரை வெளியே விடவேண்டும் என்று மடைக்காரர்கள் கோட்டைக்குப் போய்ச் சொன்னார்கள். ராசாவுக்குத் தெப்பத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. குளம் கழுத்துவரை நிற்கவேண்டும், தெப்பம் அதில் ஆடி அசைந்து வரவேண்டும், கரையெல்லாம் சனம் நின்று பார்க்கவேண்டும். "எனக்குத் தெரியாதா?" என்றார்.

எதற்கும் அவர் சொல்வது அதுதான். குழம்பில் உப்புக் குறைகிறது என்றாலும் எல்லையில் பகை வந்துவிட்டது என்றாலும் அவருக்கு அந்த ஒரே வார்த்தை போதும். கலுங்கைத் திறக்கவில்லை. ஆட்களை மண்வெட்டியும் கூடையுமாகக் கரையில் நிறுத்தினார். இறங்குகிறவனுக்குக் கசையடி என்று காவலும் போட்டார். விடியும்போது கரை போயிற்று, அதில் நின்றவர்களும் போனார்கள். அவர்களில் ஒருவன் மாடக்கண்ணுவின் அண்ணன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் கொடுமை. கரை உடையவே இல்லை, குடிகளின் நன்மைக்காக வெட்டிவிடப்பட்டது என்று ஊர் ஊராகப் பறையறைந்தார்கள். அன்று யாரும் சாகவில்லையாம். சிலபேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்களாம், அவ்வளவுதானாம்.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரில் போய் உடல் கிடைக்காதவர்களுக்கு அதே கரையில் பேர் வெட்டிய ஒரு கல்லை நடுவார்கள். பேரைச் சொல்லித் தேங்காய் உடைப்பார்கள். அதன்பிறகுதான் கருமாதி. கல் நடாவிட்டால் செத்தவன் செத்தவனாக மாட்டான். சாகாதவர்களுக்குக் கல் எதற்கு என்று கோட்டையில் கேட்டுவிட்டார்கள். கரையில் காவல் நின்றது.

இதில் மாட்டிக்கொண்டவள் அண்ணன் மனைவி உலகம்மா. தாலி கழுத்தில் கிடந்தது. நெற்றியில் குங்குமமும் இருந்தது. புருஷன்தான் இல்லை. ஊரைவிட்டுப் போனவன் எந்நேரமும் திரும்பலாம் அல்லவா, அதனால் தினமும் பொங்கும்போது ஒரு ஆள் சோற்றைச் சேர்த்துப் பொங்கி, தனியாக மூடி வைத்தாள். காலையில் அதில் தண்ணீர் ஊற்றி அவளே குடித்தாள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. கொழுந்தனைப் பார்த்து ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

"கொழுந்தனாரே, நீங்க கோட்டையில இருந்தவுக. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஒரு கல்லு நட்டுக் குடுத்திருங்க."

நட்டுத் தருகிறேன் என்று அவன் வாக்குக் கொடுத்தான்.

நேராகப் போய்க் கேட்டவர்கள் இரண்டொருவர் ஏற்கெனவே சிறையில் இருந்தார்கள். மாடக்கண்ணு எழுதப் படிக்கத் தெரிந்தவன். எழுதத் தெரிந்தவனுக்குச் சுற்றுவழி ஒன்று எப்போதும் தோன்றிவிடும். மடத்தில் மூலையைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு கதை எழுதினான்.

காட்டில் ஒரு சுனை. அதில் குளிக்கிற யானைக்கு வெண்கொம்பன் என்று பேர். சுனை நிறைந்து நிற்கவேண்டும் என்று வெண்கொம்பன் தண்ணீர் போகிற வாய்க்காலில் போய்ப் படுத்துக்கொள்கிறது. கரை கசிகிறது என்று தவளைகள் வந்து முறையிடுகின்றன. "எனக்குத் தெரியாதா?" என்கிறது யானை. கரை உடைகிறது. தவளைகள் எல்லாம் போய்விடுகின்றன. யானையும் சும்மா தப்புவதில்லை. பள்ளத்துச் சேற்றில் சிக்கி, கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்து, தான் செய்ததை நினைத்து நினைத்துப் புலம்பிச் சாகிறது. அந்தக் கடைசிப் புலம்பலுக்காக மாடக்கண்ணு ஒரு மாதம் தூக்கம் கெட்டான்.

முடித்ததும் குருவிடம் படித்துக் காட்டினான். குருந்தையா புளி உடைத்துக்கொண்டே கேட்டார். யானை வாய்க்காலில் படுக்கிற இடத்தில் சிரித்தார். தவளைகள் போகிற இடத்தில் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்த இடம் இரண்டு வரிதான். மாடக்கண்ணு நிறுத்தாமல் மேலே படித்துக்கொண்டு போனான். அவனுக்கு யானையின் சாவுக்குப் போகிற அவசரம்.

படித்து முடித்ததும் அவர் அடுத்த புளியைக் கையில் எடுத்தார்.

"நேரா எழுதினா தலை இருக்காது ஐயா. அதான் யானையாக்கிட்டேன்" என்றான் அவன்.

"தலை வேணும்லா" என்றார் அவர். கேலியாகச் சொன்ன மாதிரி இல்லை.

"எப்படி இருக்கு ஐயா?"

"யானை நல்லா வந்திருக்கு."

குருந்தையா ஒன்றை நன்றாயிருக்கிறது என்று சொல்லி மடத்தில் யாரும் கேட்டதில்லை. மாடக்கண்ணுவுக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

வில்லுப்பாட்டுக்காரர் சொரிமுத்து அண்ணாவி அந்தக் கதையை வாங்கிப் பாட்டுக் கட்டிச் சந்தைகளில் பாடினார். யானை வாயைத் திறக்கும் முன்பே கூட்டம் "எனக்குத் தெரியாதா" என்று கத்தி உருண்டு சிரிக்கும். அவர் கதையை முழுதாகப் பாடினது இல்லை. எப்படியும் பாதியில் காவல்காரன் தலை தெரியும், கூட்டம் கலைந்துவிடும். அதுவே போதுமானதாக இருந்தது. கொஞ்ச நாளில் பிள்ளைகள் கோலி விளையாட்டில் தப்பாக அடித்துவிட்டு "எனக்குத் தெரியாதா" என்றார்கள். வீட்டில் புருஷன்மார்களை அப்படிக் கிண்டல் செய்தார்கள் பெண்கள். யானை யார் என்று கேட்கிற அளவுக்கு அந்தச் சீமையில் மந்தமானவர்கள் யாரும் இல்லை.

உலகம்மாவும் ஒரு சந்தையில் நின்று கேட்டாளாம். எல்லோரும் சிரித்தபோது அவள் கரையோடு போனவர்கள் பேச்சு வருகிற இடத்துக்காகக் காத்திருந்திருக்கிறாள். அது வருவதற்குள் காவல்காரன் வந்துவிட்டான்.

பிறகு ஒருநாள் கோட்டையிலிருந்து ஆள் வந்தது. கதை எழுதினவனும் பாடுகிறவனும் பௌர்ணமியன்று கொலுமண்டபத்துக்கு வந்து ராசா முன்னால் முழுக்கதையையும் நடத்தவேண்டும் என்று உத்தரவு. மடத்தில் மற்றவர்கள் மாடக்கண்ணுவைச் சாவு வீட்டுக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அவன் குருவின் முன்னால் போய் உட்கார்ந்தான்.

"யானை யாருன்னு ராசா கேட்டா நான் என்ன சொல்லணும் ஐயா? நீங்கதான்னு ராசாகிட்ட சொன்னா உயிர் போவும். இல்லைன்னா நான் எழுதினதுக்கு அர்த்தமே போயிரும்."

குருந்தையாவுக்கு அன்று முழங்கால் வலி. எண்ணெயைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கோட்டை வாசல்ல கல்லுப் புலி ஒண்ணு நிக்குல்லா?"

"ஆமா. ராசா குடும்பத்துச் சின்னம்."

"இவங்க தாத்தா காலத்துல ஒருத்தன் கதை எழுதினான். நீ எழுதின மாதிரிதான். புலி ஒண்ணு, அது தின்ன மான் கொஞ்சம். மூணு சீமைக்கும் அது யாருன்னு தெரியும்."

"அவரை என்ன பண்ணினாங்க?"

"சால்வை போட்டாங்க. பெரிய ராசாவுக்குப் புலியை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அந்தப் புலிதான் வாசல்ல நிக்கி."

மாடக்கண்ணுவுக்கு உடம்பில் தெம்பு வந்துவிட்டது. அவனுக்கு அதில் சால்வை போட்டது மட்டும்தான் காதில் விழுந்தது போலிருக்கிறது.

"அப்போ கதை கோட்டைக்குள்ள போவும்னு சொல்லுதீங்க."

"போவும். போறதுல ஒண்ணும் கஷ்டம் இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் முழங்காலைத் தேய்க்கத் தொடங்கினார். எத்தனை ராசாக்களைப் பார்த்தவரோ, எத்தனை கதைகளைக் கேட்டவரோ, அவர் முகத்தில் அன்று ஒரு பெரிய அலுப்பு இருந்தது.

பௌர்ணமியன்று கொலுமண்டபம் நிறைந்திருந்தது. அமைச்சர்கள், படைத்தலைவர்கள், உள்ளே திரைக்குப் பின்னால் ராணிமார். யானை வாய்க்காலில் படுக்கிற இடம் வந்தபோது சொரிமுத்துவுக்கு வில்லடிக்கிற வீசுகோல் கை தப்பி விழுந்தது. எடுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பாடிவிட்டார்: "எனக்குத் தெரியாதா?"

ராசா ஆசனத்தில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு தொடையில் அறைந்துகொண்டு சிரித்தார். ஏய், இது நான்தான்யா என்று பக்கத்தில் இருந்த அமைச்சரைத் தட்டித் தட்டிச் சொன்னார். அமைச்சர் அப்படியெல்லாம் இல்லை என்று மென்று விழுங்கினார். அட, நான்தான், உமக்குத் தெரியலையா என்று ராசா கோபித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். யானை வாய் திறக்கும்போதெல்லாம் ராசாவே முந்திக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னார். தவளைகள் முறையிட்டதைக் கேட்டுத் தலையாட்டினார். தவளைகள் போயின. அது இரண்டு வரி, யாரும் கவனித்த மாதிரி இல்லை. அப்புறம் யானை சேற்றில் இறங்கியது.

மாடக்கண்ணு எழுதினதிலேயே உயர்ந்த இடம் அது. தும்பிக்கை மட்டும் வெளியே தெரிய, யானை தன் குட்டிக் காலத்தை நினைத்துப் பாடும். தாய் தன்னை முதன்முதலில் சுனைக்குக் கூட்டிவந்ததைச் சொல்லும். சொரிமுத்து பழைய பயமெல்லாம் போய் உருகிப் பாடினார். திரைக்குப் பின்னால் விம்மல் கேட்டது. ராசா வாய்விட்டு அழுதார். கிழவர்தானே, அழும்போது தோள் குலுங்கியது. என்னை இப்படி யாரும் புரிந்துகொண்டதில்லை என்று சொன்னார்.

கதை முடிந்தது. சொரிமுத்து வில்லை இறக்கி வைத்துவிட்டுத் தேங்காயைக் கையில் எடுத்தார். வில்லுக்காரர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. கதையில் ஆயுள் முடியாமல் செத்தவர்கள் பேரைக் கதைக்கு உடையவர் எழுந்து சொல்லவேண்டும். அந்தப் பேரைக் கேட்டபிறகுதான் தேங்காய் உடையும். உடைக்காமல் எழுந்தால் பாடினவருக்குத் தொண்டை நிலைக்காது என்பார்கள். சந்தையில் கதை முடிந்ததே இல்லை என்பதால் இதுவரை அதற்கு வேளை வரவில்லை. மாடக்கண்ணுவுக்கு அது நினைப்பிலேயே இல்லை.

"செத்தது யாரு? பேரைச் சொல்லுங்க" என்று அண்ணாவி முறைப்படி உரக்கக் கேட்டார்.

மாடக்கண்ணு எழுந்து நின்றான். ராசாவின் ஈரக் கண்கள் அவனைப் பார்த்தன. தூணுக்குத் தூண் ஈட்டியோடு ஆள் நின்றது. அண்ணன் பேர் நெஞ்சுவரை வந்தது என்று பின்னால் அவன் சொன்னான். வந்திருக்கலாம். ஆனால் கதையில் பேர் உள்ளது ஒன்றுதான்.

"வெண்கொம்பன்" என்றான்.

தேங்காய் உடைந்தது. மண்டபம் முழுதும் யானைக்காகக் கைகூப்பியது.

ராசா அவனைக் கிட்டே கூப்பிட்டுச் சால்வை போட்டார். என்ன வேண்டும், கேள் என்றார். அவன் அந்த நேரத்திலும் வாக்கை மறக்கவில்லை, அதை நாம் சொல்லத்தான் வேண்டும். ஏழுமடைக் குளத்துக் கரையில் ஒரு கல் நட உத்தரவாக வேண்டும் என்று கேட்டான்.

ராசாவின் முகம் மலர்ந்தது.

"கல்லா? எனக்குத் தெரியாதா? நானே அதைத்தான் நினைச்சேன். யானைக்கு நட்டுடுவோம்."

மறுநாள் சாயங்காலம் மாடக்கண்ணு மடத்துக்குத் திரும்பினான். சால்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தான். நடந்ததை எல்லாம் குருவிடம் சொன்னான். யானையைச் செதுக்க ஆசாரி வேலையைத் தொடங்கிவிட்டான், இன்னும் சில நாளில் கல் கரைக்கு வந்துவிடும் என்றான். சொல்லும்போது அவன் குரல் ஏறி ஏறி இறங்கியது. கல் கல்தானே, யானை என்று வெட்டியிருந்தால் என்ன, அது யாருக்கு நட்டது என்று ஊருக்கே தெரியும் என்றான். இதே வார்த்தையை வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்திருப்பான்.

"உலகம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் குருந்தையா.

அவன் சால்வையை இன்னும் இறுக்கிச் சுருட்டினான்.

"கல் நடுத அன்னிக்கு நானும் வாரேன்" என்றார்.

அவர் மடத்தைவிட்டு இறங்கி வருஷக்கணக்காகிறது. மாடக்கண்ணு தோளைக் கொடுத்துத் தாங்கிக் கூட்டிக்கொண்டு போனான். போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. கல்லை அதற்குள் நட்டு முடித்திருந்தார்கள். ஆள் உயரம். யானை அதில் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஆசாரி கெட்டிக்காரன், கண்ணில் ஒரு சோகத்தைக்கூடக் கொண்டுவந்திருந்தான். சந்தனம் பூசி, அரளி மாலை போட்டு, பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் தேங்காயோடு வந்து வரிசையாக நின்றார்கள். ஒருத்தி இடுப்புப் பிள்ளையின் கையைக் கூட்டிப்பிடித்து, யானைச்சாமியைக் கும்பிடு என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். உடைந்த இடம் அடைத்துப் புல் முளைத்துவிட்டது. அது எந்த இடம் என்று கேட்டால் இனிமேல் காட்டுவது கஷ்டம்.

கல்லருகே கோட்டைக் காவல்காரன் ஒருவன் நின்றான். வயதானவன். வருகிறவர்களிடம் எல்லாம் ஒன்றையே சொல்லிச் சொல்லி அவனுக்குச் சலித்துப்போயிருந்தது.

"யானை பேரு மட்டும் சொல்லி உடைக்கணும். வேற பேரு சொல்லக்கூடாது. உத்தரவு."

உலகம்மா வரிசையில் நின்றாள். கையில் தேங்காய் இருந்தது. அவள் முறை வந்ததும் கல்லை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு பின்பக்கம் போய்ப் பார்த்தாள். எழுத்து எங்கேயாவது இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எழுத்து இருந்தால் விரலுக்குத் தெரியுமே. சுற்றி வந்து கொழுந்தன் முன்னால் நின்றாள்.

"அவுக பேரு எங்க இருக்கு?"

அவன் சொல்ல ஆரம்பித்தான். இந்த யானை என்பது யானை இல்லை மதினி, கதையில் வருகிற வெண்கொம்பன் ராசாதான், சுனை என்பது இந்தக் குளம், தவளைகள் என்றால் நம்ம ஆட்கள், நம்ம அண்ணன், அதனால் இந்தக் கல் ஒரு வகையில் பார்த்தால் என்று போய்க்கொண்டே இருந்தான். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"தவளையா?" என்றாள்.

அவன் நிறுத்தினான்.

"சரி, கல்லுல இல்லாட்டிப் போவுது. நீங்க வாயால சொல்லுங்க. நான் உடைச்சிருதேன்."

புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்வது அந்தச் சீமையில் கிடையாது. புருஷன் ஆயுள் குறையும் என்பார்கள். கலியாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதே இல்லை. சொல்லவேண்டியவன் உடன்பிறந்தவன்தான். மாடக்கண்ணு காவல்காரனைப் பார்த்தான். காவல்காரன் இவனைப் பார்த்தான். குருந்தையா கம்பை ஊன்றிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றார். வரிசையில் பின்னால் நின்ற பெண்கள் என்ன தாமதம் என்று எட்டிப் பார்த்தார்கள்.

மாடக்கண்ணு வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. மறுபடியும் திறந்தான். கதையில் ஒரு யானைக்கு அத்தனை பேச்சை எழுதிக்கொடுத்தவனுக்கு அந்த ஒரு பேர் வாயில் வரவில்லை. பயம்தான், வேறு ஒன்றும் இல்லை.

உலகம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கல்லைப் பார்த்துத் திரும்பினாள்.

"குத்தாலிங்கம்" என்றாள்.

பழக்கமில்லாத வார்த்தை, அதனால் முதலில் தடுமாறியது. இரண்டாவது தடவை சரியாகச் சொன்னாள்.

"குத்தாலிங்கம்."

தேங்காயை யானையின் காலடியில் ஓங்கி அடித்தாள். அது சரிபாதியாக உடைந்து தண்ணீர் கல்லில் வழிந்தது.

காவல்காரன் அவளைப் பார்த்தான். அம்மா, அதைச் சொல்லக்கூடாது என்றான். அதட்டலாக வரவேண்டியது அவனுக்கு அப்படி வரவில்லை. சொல்லியாச்சே என்றாள் அவள். அவன் ஈட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

"நான் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே அந்தப் பக்கம் திரும்பி நின்றான்.

வரிசையில் அடுத்து நின்றவள் பிள்ளைக்காரி. அவள் யானையைப் பார்த்தாள், உலகம்மாவைப் பார்த்தாள். பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு, குனிந்து, தேங்காய்க்கு மட்டும் கேட்கிற மாதிரி ஏதோ ஒரு பேரைச் சொல்லிவிட்டு உடைத்தாள். அது என்ன பேர் என்று யாருக்கும் கேட்கவில்லை. நிச்சயமாக வெண்கொம்பன் இல்லை.

உலகம்மா படியிறங்கித் தண்ணீரில் முகம் கழுவினாள். நிறைய நேரம் கழுவினாள். ஏறி வரும்போது நெற்றி வெறுமனே இருந்தது. முகம் அழுததும் அல்லாமல் அழாததும் அல்லாமல் இருந்தது. குருந்தையாவைப் பார்த்ததும் நின்று கும்பிட்டாள்.

"நாளையிலேர்ந்து ஒரு ஆள் சோறு கொறச்சுத்தான் பொங்கணும் சாமி" என்றாள்.

அவர் தலையை அசைத்தார். அவள் கொழுந்தன் பக்கம் திரும்பவில்லை. கோபம் என்று சொல்லமுடியாது. கேட்க இனி ஒன்றும் இல்லை, அதனால் திரும்பவில்லை. கரை வழியே ஊரைப் பார்த்து நடந்துபோனாள்.

அவர்கள் இருவரும் மடத்துக்குத் திரும்பினார்கள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. குருவின் முழங்கால் பாதி வழியில் மக்கர் செய்தது. ஒரு பனைமரத்து நிழலில் உட்கார்ந்தார்கள். நிழல் ஒரு ஆளுக்குத்தான் போதும். மாடக்கண்ணு வெயிலில் உட்கார்ந்தான். சால்வையை இன்னும் கக்கத்தில் வைத்திருந்தான். அதை எங்கே போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. குளத்துப் பக்கமிருந்து தேங்காய் உடைகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் யாருக்காக உடைகிறது என்று இங்கிருந்து சொல்லமுடியாது.

"நான்தான் சொல்லியிருக்கணும் ஐயா."

குருந்தையா காலை நீட்டிக்கொண்டார்.

மாடக்கண்ணு மறுபடியும் பேசினான். அவனுக்குக் கண் நிறைந்திருந்தது, கொஞ்சம் கோபமும் இருந்தது.

"அந்தக் கதையை நான் முதல்ல உங்களுக்குத்தான் படிச்சுக் காட்டினேன். அதுல என்ன குறைன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே" என்றார் அவர். "யானை நல்லா வந்திருக்குன்னு."